கடைசி பெஞ்சுக்கு எழுதிய பதில்கள்

என் தங்கைக்கு யாரையும் சந்தேகப்படத் தெரியாது. நல்ல குணம்தானே என்று சொல்கிறவர்கள் அவளோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைப்பவள். வாசலில் வந்து விற்கிறவன் 'இதுதான் கடைசிப் பீஸ்' என்றால், அவன் பையில் இன்னும் பதினொன்று பிதுங்கிக்கொண்டு தெரிந்தாலும், பாவம் என்று வாங்கிவிடுவாள். நான் அப்படியில்லை. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பதினேழு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். 'வலியெல்லாம் இல்ல, சும்மா காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்' என்று சொல்கிறவரை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை சாமர்த்தியமும் என் சொந்த வீட்டு விஷயத்தில் உதவவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குள் ஐந்து வயது வித்தியாசம். நான் கல்யாணம் செய்துகொண்டு, போதும் சாமி என்று திரும்பி வந்தவள். அவள் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காதவள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போடவும் சண்டை போடவும் ஒரு பால்கனி. இருபது வயதில் அவள் ஒரு மருந்துக்கடையில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே நின்றுகொண்டே தபால் வழியில் மருந்துக்கடை உதவியாளர் படிப்பைப் படித்தாள். புத்தகம் தபாலில் வரும். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது. முதல் தடவை பரீட்சையில் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவையும் அதே கதை. மூன்றாம் தடவை தேறினாள். 'கேக்கறதுக்கு ஒரே ஒரு ஆள் இருந்திருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சம்க்கா' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

ஆறு வருடங்களுக்கு முன்னால், அதே படிப்பை இணையத்தில் நடத்தும் ஒரு நிறுவனம் ஆள் தேடியது. பாடத்தை யாரோ ஒரு பேராசிரியர் வீடியோவில் நடத்திவிட்டுப் போய்விடுவார். படிக்கிறவர்கள் நாற்பது நாற்பது பேராகக் குழு பிரிந்து, மன்றம் என்ற பக்கத்தில் கேள்வி கேட்பார்கள், ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்வார்கள். அதை வழிநடத்த ஒரு ஆள் வேண்டும். யார் பேசாமல் இருக்கிறார், யார் அதிகம் பேசுகிறார், யார் தப்பான பதிலைச் சத்தமாகச் சொல்கிறார் என்று பார்க்கிற வேலை. பதவிக்குப் பெயர் மன்ற வழிகாட்டி. கேள்விப்பட்ட அன்றே விண்ணப்பம் போட்டாள். அந்த ஒரே ஒரு ஆளாகத் தானே ஆகிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் அப்படிச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

மேசை நாற்காலி விற்கிற கடையின் மேல்மாடியில் அலுவலகம். மரத்தூள் வாசனை எப்போதும் இருக்கும். இரண்டிரண்டு மேசைகளாக எதிரெதிரே போட்டு, நடுவில் நெஞ்சளவு தடுப்பு. அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளை நாங்கள் வீட்டில் எதிர்மேசைக்காரி என்றே சொல்வோம். என் தங்கை முதல் குழு, அவள் இரண்டாம் குழு. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தடுப்புக்கு மேலே கைமாற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டு டப்பா அங்கே இருக்கும், அவள் டப்பா இங்கே இருக்கும். மூடி மட்டும் எந்த வீட்டிலும் சரியாகப் பொருந்தாது.

தங்கை வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் போய் முட்டியது. யார் கேள்வி கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டாள். முதலில் ஒரே ஒரு வரி எழுதுவாள்: 'எதுவரைக்கும் வந்தீங்க?' கேட்டவர் தான் போட்ட கணக்கை வரி வரியாக எழுதிக் காட்ட வேண்டும். எழுதும்போதே பாதிப் பேருக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். மீதிப் பேருக்கு இவள் அந்த வரியிலிருந்து கையைப் பிடித்துக்கொள்வாள். 'ஆரம்பத்துலேருந்து சொல்லிக்குடுத்தா, அவங்க அதுவரைக்கும் வந்ததுக்கு மதிப்பே இல்லாமப் போயிடும்க்கா' என்பாள். நான் கேலி செய்வேன். பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று அவள் கத்தினால், 'எதுவரைக்கும் வந்தீங்க?' என்று கேட்பேன்.

போன வருடத் தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. கலகலப்பு இல்லாத மன்றங்களை மூடப் போகிறார்களாம். முதல் குழு அப்போது தூங்கி வழிந்துகொண்டிருந்தது. அந்த மாதம்தான் அங்கே ஒருவர் வந்து சேர்ந்தார். மன்றத்தில் யாரும் சொந்தப் பெயர் போட வேண்டியதில்லை. அவர் தன் பெயரைக் 'கடைசி பெஞ்ச்' என்று போட்டுக்கொண்டார். ஏதோ ஒரு கிடங்கில் காவல் வேலையாம். பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருடம் ஆகிவிட்டதாம். 'எனக்குக் கேக்கவே வெக்கமா இருக்கு, தப்பா இருந்தா சிரிக்காதீங்க' என்று முதல் கேள்வியை எழுதினார். என் தங்கை அன்று வீட்டுக்கு வந்து அந்த வரியை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக அவர் குடியேறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். கடைசி பெஞ்ச் இன்று சதவிகிதத்தைப் பிடித்துவிட்டார். கடைசி பெஞ்ச் இன்று இன்னொருவருக்குத் தைரியம் சொன்னார். நான் படிக்கட்டில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து கடைசி பெஞ்சுக்கு மில்லிகிராமை மில்லிலிட்டராக மாற்றுவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தாள். 'அந்தாளுக்குக் கையா ஒடஞ்சிருக்கு?' என்று கேட்டேன். 'மூணு மணிக்குத்தான்க்கா அவருக்கு ஓய்வு நேரம், இப்ப விட்டா நாளைக்குத்தான்' என்றாள். எல்லா நாளும் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் காணாமல் போய்விடுவார். எந்தக் கிடங்குக் காவலுக்கு ஐயா ஞாயிறு விடுமுறை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அவரால் மன்றம் நிஜமாகவே விழித்துக்கொண்டது. அவர் வெட்கத்தை விட்டுக் கேட்டதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். காலையில் ஐம்பது அறுபது கேள்விகள் வரிசையில் நிற்கும். மாணவர்கள் எழுதுவது எதுவும் நேராகப் பக்கத்தில் வந்துவிடாது. வழிகாட்டி பார்த்து அனுமதி கொடுத்தால்தான் வரும். அத்தனையையும் பார்த்து, கடைசி பெஞ்சுக்கும் நீளமாக எழுத இவளுக்கு நேரம் போதவில்லை. எதிர்மேசைக்காரிதான் யோசனை சொன்னாள். "எல்லாருக்கும் அதே ஒரு வரியைத்தானே எழுதற? பட்டன்ல போட்டு வெச்சுக்கோயேன்." அவளே எழுந்து வந்து அதைச் செய்தும் கொடுத்தாள். பட்டனைத் தட்டினால் 'எதுவரைக்கும் வந்தீங்க?' போய்விடும்.

நான்கு மாதம் கழித்துப் பரீட்சை நடந்தது. தேறியவர் பட்டியலில் கடைசி பெஞ்ச் இல்லை. இவள் துடித்துப்போனாள். இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார்: பரீட்சைக் கூடத்தின் படிக்கட்டு வரைக்கும் போனாராம். மேலே ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். அப்படியே திரும்பி, பஸ் நிலையத்தில் மாலை வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் நன்றாக எழுதினேன் என்று சொல்லிவிட்டாராம்.

அதைப் படித்த அன்று என் தங்கை சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவருக்கு மட்டும் ஒரு தனிக் கடிதம் எழுதினாள், மூன்று பக்கம். அடுத்த பருவத்தில் அவர் மறுபடியும் சேர்ந்தார். அந்தக் கடிதத்தைப் பொதுவில் போடலாமா என்று எல்லா மன்றங்களையும் மேற்பார்க்கிற ஒருங்கிணைப்பாளர் கேட்டார், இவளும் சரி என்றாள். 'கேட்பவர் வந்த இடத்திலிருந்து தொடங்குவது' என்று அவள் முறைக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். எல்லாக் குழு வழிகாட்டிகளையும் கூட்டி, கடைசி பெஞ்சின் கதையை இவளே சொல்ல வேண்டும், அன்றைக்கே இவளை நிரந்தரமாக்கி முதன்மை வழிகாட்டி ஆக்குவார்கள் என்று முடிவானது. ஆறு வருடமாக ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்தவள் அவள். நாற்பத்துநாலு வயதில் இனி அந்தப் பயம் கிடையாது என்று நினைத்தாள். கூட்டத்துக்கு வியாழக்கிழமை குறித்தார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, யாரோ ஒரு மாணவர் மாதிரித் தேர்வின் கேள்விகளை மன்றத்தில் போட முயன்றிருக்கிறார். இவள் வரிசையை முழுவதுமாகப் பூட்டிவிட்டாள். தான் திறக்கும் வரை ஒரு எழுத்தும் உள்ளே வர முடியாது. மூன்று மணிக்குப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்தால் புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. கடைசி பெஞ்ச்.

முதலில் தன்மேல்தான் சந்தேகம் வந்ததாம். பூட்டும்போது ஏதோ விட்டுவிட்டோம் என்று நினைத்து வரிசையின் பதிவைத் திறந்து பார்த்தாள். அவர் பெயரே அதில் இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூட அவர் வரிசையில் நின்றதில்லை. காலையில் அறுபது கேள்விக்கு மொத்தமாக அனுமதி கொடுக்கிறவள், அறுபதில் அவருடையது இருந்ததா என்று எங்கே பார்க்கப் போகிறாள்? அப்புறம் அவளே தன் பெயரில் ஒரு வரி எழுதிப் பார்த்தாள். வரிசை பூட்டியிருக்க, அது நேராகப் பக்கத்தில் போய் விழுந்தது. வரிசையில் நிற்க வேண்டாதவர்கள் அலுவலக ஆட்கள் மட்டும்தான்.

தலையைத் தூக்கினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் எதிர்மேசைக்காரி அவசரமாகத் திரையில் எதையோ மூடிக்கொண்டிருந்தாள்.

"நீயா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான் கேட்டாள்.

அவள் நிமிரவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "உனக்காகத்தான் பண்ணேன். உன் மன்றத்தை மூடறதா இருந்தாங்க. நீ தெருவுல நிக்கறதைப் பாத்துட்டு நான் சும்மா இருக்கவா?"

அன்று நாலரை மணிக்கே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு அரை நாள் விடுமுறை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் எதிர்மேசைக்காரியின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் போட்டுத் திட்டினேன். எனக்கு அது சுலபமாக வரும். இவள் திட்டவில்லை.

"அந்தப் படிக்கட்டு என்னோடதுக்கா," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாவது தடவை நான் பரீட்சையே எழுதல. படிக்கட்டு வரைக்கும் போனேன். திரும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துட்டு சாயங்காலம் வந்தேன். இத்தனை வருஷத்துல அவ ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கேன். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன்."

பட்டியலில் பெயர் வராததற்குக் கடைசி பெஞ்சுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இல்லாத ஆள் எப்படிப் பரீட்சை எழுதுவார்? தடுப்புக்கு மேலே வருகிற டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்வது போல எதிர்மேசைக்காரி இவள் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதைப் படித்து, என்னை மாதிரியே இன்னொரு ஜீவன் இருக்கிறதே என்று உருகி, இவள் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். அதையும் அவள் படித்திருக்கிறாள்.

எனக்கு வேறொன்றும் வலித்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாம் பரீட்சை நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அரை நாள் லீவு போட்டு, கேக் வாங்கி வைத்து, வாசலிலேயே காத்திருந்தேன். 'நல்லா எழுதினேன்க்கா' என்று சொல்லி இரண்டு துண்டு சாப்பிட்டாள். இருபது வருடம் என்னிடம் சொல்லாததை, தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தியிடம் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லியிருக்கிறாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?" என்றேன். "நீ கேக் வாங்கி வெச்சிருந்த," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை அவள் ஒருங்கிணைப்பாளரின் அறைக்குப் போனாள். தான் ஏமாற்றப்பட்டதைச் சொல்லப் போகிறோம், அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தே போயிருக்கிறாள். சொன்னேனே, வெளுத்ததெல்லாம் பால். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, "தெரியும்மா," என்றார். "எல்லாக் குழுவுலயும் ரெண்டு மூணு பேர் அப்படி இருக்காங்க. வெறும் மன்றத்துல யார் முதல்ல வாயத் தொறப்பா? பேச்சைத் தொடங்கி வைக்க ஆள் வேணும். உங்க குழுவுல அவர் நல்லா எடுபட்டுட்டார், அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்க பதில் இந்த மாதிரி வந்திருக்குமா?" என்றார் அவர். பாராட்டாகத்தான் சொன்னாராம்.

உனக்காகப் பண்ணேன் என்று எதிர்மேசைக்காரி சொன்னதும் அதோடு போயிற்று. மன்றத்தை மூடுகிற பேச்சு வருவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே அவளுக்கு இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு மூன்று குழுக்களில் இரண்டு மூன்று பெயர்களில் எழுதிக்கொண்டிருந்தாள். மற்ற வழிகாட்டிகளுக்கும் தெரியும். அந்த மாடியில் தெரியாமல் இருந்தவள் என் தங்கை ஒருத்திதான். கூட இருந்தே குழி பறித்தவளை மன்னிக்கலாமோ என்னவோ, குழியைச் சுற்றி நின்று எல்லாரும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது?

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஞாயிறு வரை அவள் பால்கனியில் நோட்டும் மடிக்கணினியுமாக உட்கார்ந்திருந்தாள். தன் குழுவில் போன பருவம் இருந்த நாற்பது பெயரையும் எழுதி, யார் ஆள், யார் ஆள் இல்லை என்று வரிசையின் பதிவை வைத்துப் பிரித்தாள். வரிசையில் ஒருமுறையும் நிற்காதவர்கள் மூன்று பேர். அவர்கள் பெயரை அடித்தாள். மீதி முப்பத்தேழு பேரும் நின்றவர்கள், அனுமதிக்காகக் காத்திருந்தவர்கள், நிஜமானவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் எழுதியதை முதலிலிருந்து படித்தாள். ஞாயிறு மாலை என்னைக் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

'அணில்' என்ற பெயரில் ஒருவர். போன பருவத்தில் மொத்தம் மூன்றே முறை எழுதியிருக்கிறார். முதல் முறை: 'குழந்தைக்கு மருந்தளவுக் கணக்கு வரமாட்டேங்குது, உதவி பண்ணுங்க.' கீழே பதில்: 'எதுவரைக்கும் வந்தீங்க?' அவர் ஒழுங்காக எழுதிக் காட்டியிருக்கிறார். பன்னிரண்டு கிலோ குழந்தை, கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம், ஆக நூற்றெண்பது. மருந்தில் ஐந்து மில்லிலிட்டருக்கு நூற்றிருபத்தைந்து மில்லிகிராம். நூற்றெண்பதை நூற்றிருபத்தைந்தால் வகுத்தால் ஒன்று புள்ளி நாலு நாலு. 'அப்போ 1.44 மில்லியா? ரொம்பக் கம்மியா இருக்கற மாதிரி இருக்கே?' அதற்குக் கீழே பதில்: 'எதுவரைக்கும் வந்தீங்க?' மூன்றாவது முறை அவர் எழுதினார்: 'எதுவரைக்கும் வந்தேன்னு மேலயே எழுதியிருக்கேனே.' அதற்குக் கீழேயும் அதே வரி. அதற்கப்புறம் அணில் எழுதவில்லை.

மூன்றும் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்த கேள்விகள். மூன்று மணிக்குக் கடைசி பெஞ்ச் வருவார் என்று பட்டனைத் தட்டிவிட்டு இவள் காத்திருந்த நேரம். இல்லாத ஆளுக்கு மூன்று பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாள், இருக்கிற ஆளுக்குப் பட்டன். அதைப் பார்த்தபோது எனக்கே அவள்மேல் கோபம் வந்தது.

புதன்கிழமை மாலை எதிர்மேசைக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தது நான். கையில் எங்கள் டப்பா, கழுவித் துடைத்து, சரியான மூடியோடு.

"அவளைக் கூப்பிடுங்கக்கா. ஒரே ஒரு நிமிஷம்."

"அவ குளிக்கறா. எங்கிட்ட சொல்லு."

"நாளைக்கு மீட்டிங்ல எதுவும் சொல்ல வேணாம்னு சொல்லுங்க. சொன்னா என்னைத்தான் பலி குடுப்பாங்க. பெரியவங்க தப்பிச்சிடுவாங்க." கண் கலங்கியிருந்தது. "நான் எழுதினது எல்லாமே பொய் இல்லக்கா. எனக்கும் அந்தக் கணக்கெல்லாம் முன்னாடி வராது. அவ எழுதற பதிலைப் படிச்சுத்தான் நானே கத்துக்கிட்டேன். எனக்கே எழுதற மாதிரி இருக்கும்."

"அப்பவே அவகிட்ட எனக்குச் சொல்லிக்குடுன்னு கேட்டிருக்கலாமே? எதிர்லதானே உக்காந்திருந்த?"

அவள் டப்பாவை நீட்டினாள். டப்பாவை வாங்கிக்கொண்டேன். அவள் வீட்டு டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். கதவைச் சாத்தினேன். உள்ளே திரும்பினால் தங்கை ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நல்லா கழுவியிருக்கா," என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அவள் கடைசி பெஞ்சின் கதையைச் சொல்லவில்லை. திரையில் அணிலின் பக்கத்தைத் திறந்து வைத்து, மூன்று கேள்வியையும் மூன்று பதிலையும் உரக்கப் படித்தாளாம். "இதுதான் என் முறை," என்றாளாம். "கடைசி பெஞ்ச்னு ஒருத்தர் இல்ல. அது இங்க எல்லாருக்கும் தெரியும். அணில்னு ஒருத்தர் இருந்தாங்க. அது எனக்கே தெரியல." யார் எழுதினார்கள் என்று பெயர் சொல்லவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் பெயர், முகவரி, டப்பாவின் நிறம்வரை சொல்லியிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்று அன்று மாலை சண்டையே போட்டேன். "அவளைச் சொன்னா அவளோட முடிஞ்சிடும்க்கா, அங்க இருந்த எல்லாரும் நல்லவங்களா வீட்டுக்குப் போயிடுவாங்க," என்றாள்.

நிரந்தர வேலை போயிற்று. பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதற்கப்புறம் கையெழுத்து வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். எதிர்மேசைக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் இப்போது முதன்மை வழிகாட்டி. நான் இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த ஞாயிறு காலை நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வழிகாட்டிகள் மாணவர்களுக்குப் போன் செய்யக் கூடாது என்று விதி உண்டு. இவள் பதிவேட்டிலிருந்து அணிலின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். கையில் நோட்டும் பேனாவும் வேண்டுமே, அதனால் போனை ஸ்டூல்மேல் வைத்துச் சத்தமாகப் பேசும்படி போட்டிருந்தாள். ஒரு பெண் எடுத்தார்.

"யாருங்க?"

"மருந்துக்கடைப் படிப்பு மன்றத்துலேருந்து பேசறேங்க. நீங்க அணில்ங்கற பேர்ல…"

"அதை நான் விட்டுட்டேனே." கொஞ்சம் நிறுத்தினார். "இருங்க. அங்க பதில் போட்டது நீங்களா? ஆளா?"

"ஆமாங்க. நான்தான்."

"நான் மெஷின்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"மெஷின்னு நெனச்சதால எனக்குக் கோவமே வரலீங்க. அதுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். ஆளுங்கறீங்க… அப்ப மூணு தடவையும் படிச்சுட்டா அப்படிப் போட்டீங்க?"

"படிக்கலீங்க," என்றாள் இவள். "ஒரு தடவைகூடப் படிக்கல."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் வைத்திருப்பேன். அவர் வைக்கவில்லை.

"பரீட்சை எழுதினீங்களா?" என்று தங்கை கேட்டாள்.

"போனேன். வாசல் வரைக்கும் போனேன்." அவர் லேசாகச் சிரிப்பது கேட்டது, வெட்கப்பட்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. "உள்ள போகல."

இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"வீட்ல என்ன சொன்னீங்க?"

"நல்லா எழுதினேன்னு சொல்லிட்டேன்."

என் கையில் பிழியாத தலையணை உறை இருந்தது. தண்ணீர் என் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் போனில் சொன்னாள்.

"இன்னிக்கே வீட்ல சொல்லிடுங்க. தள்ளிப் போடாதீங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அப்புறம் போன் பக்கம் குனிந்தாள். "அந்தக் கணக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? ஒண்ணு புள்ளி நாலு நாலு வரைக்கும் எல்லாமே சரிங்க. அதை அஞ்சால பெருக்கணும், அது ஒண்ணுதான் பாக்கி. கம்மியா இருக்கேன்னு உங்களுக்கே தோணியிருக்கு பாருங்க. அவ்வளவு தூரம் சரியாத்தான் வந்திருந்தீங்க. அதைச் சொல்லாம விட்டது நான்."